மேல்வீட்டில் வென்னி வரல

மார்கழி பதினொண்ணு. மகாராஜநகர்,
ஆறாவது குறுக்குத் தெரு.
போன் பண்ணியவர் பெயர் கோமதிநாயகம்.
"இருநூறு லிட்டர் சோலார்.
வாரது வென்னியுமில்ல, தண்ணியுமில்ல.
ரெண்டுங்கெட்டான்."

தட்டட்டியில் ஏறிப் பார்த்தேன்.
கண்ணாடிக் குழாய் பதினெட்டும் முழுசு.
ஒன்றில் மட்டும் புறா எச்சம்.
தொட்டி வாயில் வெப்பமானி அறுபத்திரண்டு காட்டியது.
முட்டை வேகாது, முதுகு வெந்துவிடும்.
ஆக, வென்னி இருக்கிறது.
இறங்குகிற வழியில்
யாரோ குறுக்கே நிற்கிறார்கள்.

உப்பாக இருக்குமோ என்று யூனியனைக் கழற்றினேன்.
வள்ளியூர்ப் பக்கம் என்றால் போர்த் தண்ணி
ஆறே மாதத்தில் பைப்பைச் சுண்ணாம்புக் குச்சியாக்கிவிடும்.
இது ஆத்துத் தண்ணி.
விரலை விட்டால் வழவழவென்று கொஞ்சம் பாசி,
அவ்வளவுதான்.
காத்து அடைப்பா?
ஏர் வென்ட் வாயில் காதை வைத்தேன்.
களக், களக். நல்ல மூச்சு.

"கீழ இருக்கவன் வேலைதான்" என்றார்.
கீழ இருக்கவன் அவருடைய அண்ணன் என்பதை
மின்பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்:
ரெண்டு மீட்டர், ஒரே இனிஷியல்.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
மாமரத்தின் கிளைகூடப் பிரிந்திருக்கிறதாம்.
சோலார் மட்டும் பிரியவில்லை.
பிரித்தால் நூறு நூறு லிட்டர்,
யாருக்கும் பத்தாது.

ஒரு சோதனை உண்டு.
தொட்டியிலிருந்து இறங்குகிற வால்வை இறுக மூடிவிட்டு
வென்னிக் குழாயைத் திறக்க வேண்டும்.
நின்றுவிட்டால் கோளாறு வேறெங்கோ.
நிற்கவில்லை.
பச்சைத் தண்ணி கொட்டிக்கொண்டே இருந்தது.
அப்படியென்றால் இந்த வீட்டில் ஏதோ ஒரு மிக்ஸருக்குள்
சூடும் குளிரும் கதவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கின்றன.

கீழே கதவைத் திறந்தவர் சிவசைலம்.
இடது கை சாரத்தோடு சேர்ந்து தொங்கியது.
"வாதம். ரெண்டு வருசமாச்சு" என்றார், கேட்காமலே.
குளியலறையில் மிக்ஸரின் ரெண்டு திருகும்
திறந்தபடி கிடந்தன.
கை ஷவரின் விசையை மட்டும் விட்டிருக்கிறார்.
வாய் மூடியிருக்கிறது. உள்ளே
பச்சைத் தண்ணி வென்னிப் பைப்பில் புகுந்து மேலே ஏறுகிறது.

"சோப்புக் கையோட ஒத்தக் கையால திருக வரமாட்டேங்கு.
விசைய விட்டா நின்னுருது. தப்பா தம்பி?"
"தப்பு குழாய் மேல" என்றேன்.

மேலே போய்ச் சொன்னேன்.
மிக்ஸர், விசை, கை.
கோமதிநாயகம் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டார்.
"எந்தக் கை?"
"இடது."
துண்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.
"ஒத்தப் பிடி மிக்ஸர் என்ன விலை?"
ரெண்டாயிரத்து நானூறு.
முழங்கையால் தட்டினாலும் மூடும்.
கூட ரெண்டு ஒருவழி வால்வு, முந்நூத்தம்பது வீதம்.
"போடும். கேட்டா வாரண்டின்னு சொல்லும்."

பன்னிரண்டு வருசக் குழாய்க்கு ஏது வாரண்டி என்று
சிவசைலம் கேட்கவில்லை. வங்கியில் இருந்தவர்.
கூரையை ஒருதரம் பார்த்தார்.
"நல்ல கம்பெனி" என்றார்.

பில்லில் பெயர் எழுதவில்லை.
கதவு எண் மட்டும்.
அது ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கூட வரும் பையன் அன்றைக்குக் கல்யாண வீட்டில்.
மூன்று இடம், ஒரு ஆள்.
நான் தட்டட்டியில் வால்வைத் திறந்து,
குனிந்து, கத்துவதற்கு மூச்சு இழுக்கிறேன்.

"வருதா?"

என் குரல் இல்லை.
பைப் இறங்குகிற சந்துக்குள்ளிருந்து வந்தது.
மேல்வீட்டு ஜன்னலில்
வாளி நிறைகிற சத்தம் மட்டும்.
அது வெகுநேரம் நிறைந்தது.

"வருது."
"சூடா?"
"கை வைக்க முடியல."

ஸ்பேனரைப் பையில் போடாமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அந்தப் புறா எச்சத்தைத் துடைத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.